ஆப்-ஆம்ப் கணக்கு: அவுட்புட் நோடில் கிர்க்காஃப் விதி போட்டால் விடை ஏன் தப்பாக வருகிறது?

இரவுப்பறவை:

எல்லோருக்கும் வணக்கம். ஐடியல் ஆப்-ஆம்ப் (ப்ளஸ், மைனஸ் என்ற இரண்டு இன்புட் முனைகளின் வோல்டேஜ் வித்தியாசத்தைப் பெருக்கித் தரும் சிப்) கணக்குகளில் சாதாரண இன்வெர்ட்டிங், நான்-இன்வெர்ட்டிங் வரைக்கும் பிரச்சினை இல்லை, சூத்திரம் பார்க்காமலே போட முடிகிறது. ஃபீட்பேக் பக்கம், அதாவது அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பி வரும் பாதையில், ஒரு ரெசிஸ்டருக்குப் பதிலாக மூன்று வந்துவிட்டால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

படம் போட வசதி இல்லை, வார்த்தையில் சொல்கிறேன். ப்ளஸ் முனை நேராக கிரவுண்டில் இருக்கிறது. 0.5 வோல்ட் இன்புட் ஆர்1 வழியாக (10 கிலோஓம்) மைனஸ் முனைக்கு வருகிறது. மைனஸ் முனையிலிருந்து ஆர்2 (20 கிலோஓம்) எக்ஸ் என்ற நோடுக்குப் போகிறது. எக்ஸிலிருந்து ஆர்3 (5 கிலோஓம்) கிரவுண்டுக்கு இறங்குகிறது, அதே எக்ஸிலிருந்து ஆர்4 (20 கிலோஓம்) அவுட்புட்டுக்குப் போகிறது. அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 2 கிலோஓம் லோட். சப்ளை ப்ளஸ் 12, மைனஸ் 12 வோல்ட். அவுட்புட் வோல்டேஜ் எவ்வளவு என்பது கேள்வி, கொடுத்திருக்கும் விடை -6 வோல்ட்.

நான் போட்டது இப்படி. இரண்டு இன்புட் முனையும் சமம் என்ற விதிப்படி மைனஸ் முனை 0 வோல்ட், அதனால் ஆர்1-ல் 0.05 மில்லிஆம்பியர். அது அப்படியே ஆர்2-ல் போகிறது, எக்ஸ் -1 வோல்ட். இது வரைக்கும் சரி என்று நினைக்கிறேன். அப்புறம் அவுட்புட் நோடில் கிர்க்காஃப் கரண்ட் விதி எழுதினேன்: ஆர்4-ல் வருகிற கரண்ட்டும் லோடில் போகிற கரண்ட்டும் சமம். அதைத் தீர்த்தால் அவுட்புட் -0.09 வோல்ட் என்று வருகிறது. -6-க்குப் பக்கத்தில்கூட இல்லை.

இன்னொரு சந்தேகம், இதோடு சேர்த்தே கேட்டுவிடுகிறேன். மைனஸ் முனை 0 வோல்ட், கிரவுண்டும் 0 வோல்ட். அப்படியென்றால் ஆர்1-ல் வருகிற கரண்ட் ஏன் அங்கேயே கிரவுண்டுக்குப் போய்விடக்கூடாது? "விர்ச்சுவல் கிரவுண்ட்" என்று பெயர் சொல்லி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

---

பழையசாலிடர்:

எக்ஸ் -1 வோல்ட் வரைக்கும் நீங்கள் போட்டது முழுக்கச் சரி. அதற்கு அடுத்த வரியில்தான் சறுக்கல்.

அவுட்புட் நோடில் எத்தனை கிளை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆர்4 ஒன்று, லோட் ஒன்று, மூன்றாவது ஆப்-ஆம்ப்பின் அவுட்புட் முனை. நீங்கள் அந்த மூன்றாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் சமம் என்று எழுதிவிட்டீர்கள், அதாவது ஆப்-ஆம்ப்பே அங்கே இல்லாத மாதிரி. கரண்ட் பூஜ்யம் என்ற விதி இன்புட் முனைகள் இரண்டுக்கு மட்டும்தான். அவுட்புட் முனை எவ்வளவு வேண்டுமானாலும் தரும், எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கும், எவ்வளவு என்பது நமக்கு முன்கூட்டியே தெரியாது. தெரியாத ஒன்றைச் சேர்த்து எழுதினால் ஒரு புது சமன்பாட்டோடு ஒரு புது மாறியும் வந்துவிடும், கணக்கு ஒரு அடிகூட நகராது. அதனால்தான் ஐடியல் ஆப்-ஆம்ப் கணக்கில் அவுட்புட் நோடில் கரண்ட் விதி எழுதவே மாட்டோம். எல்லா வோல்டேஜும் கிடைத்த பிறகு, அவுட்புட் கரண்ட் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் கடைசியில் அங்கே போவோம்.

எழுத வேண்டிய இடம் எக்ஸ். எக்ஸ் -1 வோல்ட்டில் இருக்கிறது, கிரவுண்ட் அதைவிட உயரத்தில் இருக்கிறது, ஆகவே ஆர்3 வழியாகக் கிரவுண்டிலிருந்து எக்ஸுக்கு 1 வோல்ட் / 5 கிலோஓம் = 0.2 மில்லிஆம்பியர் ஏறி வருகிறது. ஆர்2 வழியாக ஏற்கெனவே 0.05 வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 0.25 மில்லிஆம்பியர், அது போக ஒரே வழி ஆர்4. ஆர்4-ல் விழும் வோல்டேஜ் 0.25 × 20 = 5 வோல்ட். -1-லிருந்து இன்னும் 5 கீழே, அவுட்புட் -6 வோல்ட். முடிந்தது. லோட் 2 கிலோஓம் என்பதை இந்தக் கணக்கில் எங்கேயும் தொடவில்லை, கவனித்தீர்களா? அதை 1 கிலோஓம் ஆக்கினாலும் -6 மாறாது. அவுட்புட் இம்பீடன்ஸ் பூஜ்யம் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

இப்போது அவுட்புட் நோடுக்குப் போகலாம். லோடில் 6 / 2 = 3 மில்லிஆம்பியர் கிரவுண்டிலிருந்து அவுட்புட்டை நோக்கி வருகிறது, ஆர்4-லிருந்து 0.25 வருகிறது, ஆக 3.25 மில்லிஆம்பியரையும் ஆப்-ஆம்ப் உள்ளே இழுக்கிறது. உள்ளே போனது எங்கே போகும்? மைனஸ் 12 சப்ளை முனை வழியாக வெளியே. நாம் வரைகிற முக்கோணத்தில் சப்ளை முனைகளைக் காட்டுவதில்லை, அதனால் அந்த முக்கோணத்தை மட்டும் பார்த்தால் உள்ளே போகிற கரண்ட்டும் வெளியே வருகிற கரண்ட்டும் சமமாகவே இருக்காது. கிரவுண்ட் பக்கமிருந்து கூட்டிப் பாருங்கள்: லோடுக்கு 3, ஆர்3-க்கு 0.2, இன்புட் சோர்ஸின் கீழ்முனைக்கு 0.05. மொத்தம் 3.25. சப்ளை வழியாகக் கிரவுண்டுக்குத் திரும்பி வருவதும் அதே 3.25. ஒரு மைக்ரோஆம்பியர்கூடத் தொலையவில்லை.

விர்ச்சுவல் கிரவுண்ட் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. மைனஸ் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் கம்பி கிடையாது. ஒரே வோல்டேஜில் இரண்டு புள்ளி இருக்கிறது என்பதற்காக அவற்றின் நடுவே கரண்ட் ஓடாது, ஓடப் பாதை வேண்டும். ஆர்1-ல் வந்த 0.05 மில்லிஆம்பியருக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி: ஆப்-ஆம்ப்பின் இன்புட் முனை, அது மூடிக்கிடக்கிறது, ஆர்2, அது திறந்திருக்கிறது. மைனஸ் முனை 0-வில் நிற்பது தானாக அல்ல, அந்த 0.05-ஐ முழுசாக ஆர்2 வழியாக இழுத்துக்கொள்ளும் அளவுக்கு அவுட்புட் கீழே இறங்கி நிற்பதால்தான். இன்புட்டை 0.6 ஆக்குங்கள், மைனஸ் முனை ஒரு கணம் மேலே எழப் பார்க்கும், அவுட்புட் உடனே -7.2-க்கு இறங்கி அதைத் திரும்பவும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும். 0 வோல்ட் என்பது அங்கே தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையின் விளைவு.

---

இரவுப்பறவை:

ரொம்ப நன்றி அண்ணா, சப்ளை முனை விஷயம் யாரும் சொல்லித்தரவே இல்லை. கிரவுண்ட் கரண்ட்டை நானும் ஒரு முறை கூட்டிப் பார்த்தேன், வருகிறது.

ஆனால் இப்போது வேறு ஒன்று உறுத்துகிறது. சும்மா ப்ளஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அதாவது மைனஸ் முனை கிரவுண்டில், ரெசிஸ்டர்கள் எல்லாம் ப்ளஸ் முனையில். இரண்டு முனையும் சமம், இன்புட் கரண்ட் பூஜ்யம், அதே இரண்டு விதி, அதே கணக்கு. அதே -6 வோல்ட் வருகிறது! சிமுலேட்டரில் கெயின் (பெருக்கும் மடங்கு) 2,00,000 உள்ள ஒரு டிபென்டென்ட் சோர்ஸை (வேறொரு வோல்டேஜைப் பெருக்கித் தரும் சோர்ஸ்) ஆப்-ஆம்ப்பாக வைத்துப் போட்டேன், அதுவும் -6 என்றுதான் காட்டுகிறது. அப்படியென்றால் ப்ளஸ், மைனஸ் என்று எழுதி வைப்பதற்கே அர்த்தம் இல்லையா? பாசிட்டிவ் ஃபீட்பேக் கூடாது என்கிறார்கள், கணக்கில் அது எங்கே தெரிகிறது?

---

கணக்குப்புலி:

இதற்காகத்தான் "இரண்டு முனையும் சமம்" என்பதை ஆரம்பத்திலேயே ஒரு விதியாக மனப்பாடம் செய்ய வைக்கக்கூடாது என்று நான் எப்போதும் சொல்வேன். அது விதி அல்ல, விளைவு. கெயினை ஏ என்று வைத்து, அவுட்புட் = ஏ × (ப்ளஸ் முனை - மைனஸ் முனை) என்று தொடங்கி, கடைசியில்தான் ஏ-வை முடிவிலிக்குக் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் சர்க்யூட்டிலேயே செய்வோம். ரெசிஸ்டர்கள் வந்து சேரும் முனையின் வோல்டேஜை என் என்று வைப்போம். சூப்பர்பொசிஷன் போட்டால், அவுட்புட்டைக் கிரவுண்ட் செய்துவிட்டு இன்புட்டின் பங்கு: ஆர்3-ம் ஆர்4-ம் இணையாக 4 கிலோஓம், ஆர்2-வோடு சேர்த்து 24, ஆக 24/34, அதாவது 12/17. இன்புட்டைக் கிரவுண்ட் செய்துவிட்டு அவுட்புட்டின் பங்கைப் போட்டால் 1/17 வருகிறது, நீங்களே போட்டுப் பாருங்கள், ஆர்1-ம் ஆர்2-ம் சேர்ந்து 30, அது 5-க்கு இணையாக, அப்புறம் 20-ஓடு ஒரு டிவைடர், மேலே மூன்றில் ஒரு பங்கு. ஆகவே

என் = (12 × இன்புட் + அவுட்புட்) / 17

சரியான இணைப்பில் அவுட்புட் = -ஏ × என். தீர்த்தால் அவுட்புட் = -12 × இன்புட் / (1 + 17/ஏ).

மாற்றிப்போட்ட இணைப்பில் அவுட்புட் = +ஏ × என். தீர்த்தால் அவுட்புட் = -12 × இன்புட் / (1 - 17/ஏ).

ஏ முடிவிலிக்குப் போனால் இரண்டுமே -12 தான். கீழே இருக்கும் அந்த ஒரு குறிதான் வித்தியாசம், முடிவிலி அதை விழுங்கிவிடுகிறது. உங்கள் சிமுலேட்டரில் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் காட்டச் சொல்லுங்கள். சரியான இணைப்புக்கு -5.9995 வரும், மாற்றிப்போட்டதற்கு -6.0005 வரும். சமன்பாடு சொல்வது "இந்த வோல்டேஜில் எல்லாம் ஒத்துப்போகிறது" என்பதை மட்டும்தான், சர்க்யூட் அந்த இடத்தில் வந்து நிற்குமா என்பதை அல்ல.

நிற்குமா என்று பார்க்க, அவுட்புட் ஏதோ ஒரு காரணத்தால் 1 மில்லிவோல்ட் மேலே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், நாய்ஸ் போதும் அதற்கு. என் முனை 1/17 மில்லிவோல்ட், அதாவது கிட்டத்தட்ட 0.059 மில்லிவோல்ட் ஏறும். சரியான இணைப்பில் ஆப்-ஆம்ப் அதை 2,00,000 மடங்கு பெருக்கிக் கீழே தள்ளப் பார்க்கும், அவுட்புட் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மாற்றிப்போட்டால் அதே 2,00,000 மடங்கு மேலே தள்ளும், 1 மில்லிவோல்ட் விலகலுக்கு 11.8 வோல்ட் கூடுதலாகத் தள்ளும். திரும்பி வர வழியே இல்லை.

---

அலைவரிசை:

கணக்குப்புலி சொன்னதோடு சிமுலேட்டர் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் இங்கே நிறைய பேர் சிமுலேட்டர் காட்டினால் அது உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்பைஸ் வகை மென்பொருள் டிசி பகுப்பாய்வில் செய்வது சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்ப்பது மட்டும்தான். அந்தத் தீர்வு நிலையானதா என்று அது கேட்பதில்லை. அதனால் பாசிட்டிவ் ஃபீட்பேக் இருந்தாலும் -6.0005 என்று கூச்சப்படாமல் எழுதிவிடும். சரி, டிரான்சியன்ட் (நேரத்தோடு வோல்டேஜ் எப்படி மாறுகிறது என்ற பகுப்பாய்வு) ஓட்டிப் பார்த்தால் தெரியுமே என்பீர்கள். வெறும் டிபென்டென்ட் சோர்ஸை வைத்திருந்தால் அதிலும் தெரியாது! அந்த சோர்ஸுக்கு நினைவு கிடையாது, தாமதம் கிடையாது, சப்ளை எல்லையும் கிடையாது, ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் அதே சமன்பாட்டைத்தான் மறுபடி தீர்க்கும்.

செய்ய வேண்டியது: அந்த சோர்ஸுக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் போட்டு, அதற்கப்புறம் கெயின் 1 உள்ள இன்னொரு சோர்ஸ் வைத்து அதையே அவுட்புட்டாக எடுங்கள். இப்போது ஆப்-ஆம்ப்புக்கு நேரம் என்று ஒன்று வந்துவிட்டது. கெபாசிட்டரின் ஆரம்ப வோல்டேஜை 0 என்று கொடுத்து ஓட்டுங்கள். சரியான இணைப்பில் அவுட்புட் -6-க்குப் போய் உட்காரும். மாற்றிப்போட்டதில் -6-ஐ விட்டு எக்ஸ்போனென்ஷியலாக விலகி ஓடும், எல்லை வைக்காவிட்டால் கோடிக்கணக்கான வோல்ட் வரைக்கும் போகும்.

நிஜ சிப்பில் சப்ளை தடுக்கும். 12 வோல்ட் சப்ளையில் அவுட்புட் சுமார் 11 வரைக்கும் போகும் என்று வைத்துக்கொள்வோம். மாற்றிப்போட்ட சர்க்யூட் +11-ல் மாட்டிக்கொண்டால் ப்ளஸ் முனை (6 + 11)/17 = 1 வோல்ட். மைனஸ் முனை 0. ஒரு முழு வோல்ட் வித்தியாசம், இரண்டும் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை, வித்தியாசம் பாசிட்டிவ் என்பதால் அவுட்புட் அங்கேயே இருக்கும். -11-ல் மாட்டினால் ப்ளஸ் முனை (6 - 11)/17, கிட்டத்தட்ட -0.29 வோல்ட், நெகட்டிவ், அதுவும் அங்கேயே இருக்கும். ஆக அதே 0.5 வோல்ட் இன்புட்டுக்கு இரண்டு விடை சாத்தியம், எது என்பது முன்னால் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. -6 மட்டும் எந்தக் காலத்திலும் வராது. இன்புட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தால் +0.92, -0.92 வோல்ட் பக்கத்தில் தாவும். ஷ்மிட் டிரிகர் என்று தனிப் பெயரில் படிப்பீர்களே, அதுதான் இது. உருப்படியான சர்க்யூட்தான், ஆனால் ஆம்ப்ளிஃபையர் அல்ல.

---

பழையசாலிடர்:

மேலே இருவர் சொன்னதும் சரி. ஆனால் கணக்குப்புலியோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். ஒவ்வொரு கணக்கையும் ஏ வைத்துத் தொடங்கி லிமிட் எடுத்துக்கொண்டிருந்தால் நான்கு ஆப்-ஆம்ப் உள்ள ஃபில்டரை எப்போது முடிப்பது? இரண்டு விதியும் மிக நல்ல கருவிகள். அவற்றை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை, எடுத்த பின் ஒரு சோதனை, அவ்வளவுதான் வேண்டும்.

முன் சோதனை ஃபீட்பேக்கின் குறி. எல்லா வெளி வோல்டேஜ் சோர்ஸையும் கிரவுண்ட் செய்துவிட்டு, கரண்ட் சோர்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, அவுட்புட்டை மனசில் 1 வோல்ட் மேலே தூக்குங்கள். எந்த இன்புட் முனை அதிகமாக எழுகிறது? மைனஸ் முனை என்றால் நெகட்டிவ் ஃபீட்பேக், விதியைப் போடலாம். ப்ளஸ் முனை என்றால் போடக்கூடாது. உங்கள் சர்க்யூட்டில் மைனஸ் முனை 1/17 வோல்ட் எழும், ப்ளஸ் அசையாது, ஆகவே சரி. அவுட்புட்டிலிருந்து இரண்டு முனைக்கும் பாதை இருக்கிற சர்க்யூட்டுகள் உண்டு, ஹவ்லாண்ட் கரண்ட் சோர்ஸ், நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் சர்க்யூட் எல்லாம் அப்படித்தான், அங்கே வெறுமனே "கம்பி மைனஸுக்குப் போகிறது" என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டு பின்னத்தையும் போட்டு ஒப்பிட்டே ஆக வேண்டும். அதிலும் லோட் என்ன என்பதைப் பொறுத்து ப்ளஸ் பக்கத்துப் பின்னம் மாறும், ஒரு லோடுக்கு நெகட்டிவாக இருப்பது இன்னொன்றுக்கு பாசிட்டிவாகிவிடும்.

பின் சோதனை சப்ளை. வந்த விடை சப்ளைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இன்புட்டை 1.2 வோல்ட் ஆக்கினால் விதிப்படி -14.4 வர வேண்டும், -12 சப்ளையில் அது நடக்காது. அவுட்புட் -11-ல் நின்றுவிடும். பலரும் இங்கே "சரி, -11" என்று எழுதிவிட்டு மற்ற நோடுகளுக்குப் பழைய வோல்டேஜையே வைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. அவுட்புட் அசைய முடியாத அந்தக் கணத்திலேயே மைனஸ் முனை 0 என்பதும் போய்விட்டது. கணக்குப்புலியின் சமன்பாட்டில் போடுங்கள்: (14.4 - 11)/17 = 0.2 வோல்ட். மைனஸ் முனை 0.2 வோல்ட்டில் இருக்கிறது, ஆர்1-ல் போவது 0.12 அல்ல, 0.1 மில்லிஆம்பியர். போர்டில் கோளாறு தேடும்போதும் இது கைகொடுக்கும்: மீட்டரை இரண்டு இன்புட் முனைகளுக்கும் நடுவில் வையுங்கள், சில மில்லிவோல்ட்டுக்கு மேல் நிலையாகக் காட்டினால் அந்த ஆப்-ஆம்ப் லூப்பைப் பிடித்து வைத்திருக்கவில்லை.

---

கணக்குப்புலி:

மறுக்கவில்லை, வேகத்துக்கு இரண்டு விதி போதும். ஆனால் ஒரு தடவையாவது ஏ வைத்துப் போட்டவர்களுக்குத்தான் 17 என்ற எண் கண்ணில் படும். விதியை மட்டும் வைத்துப் போட்டால் 12 தெரியும், 17 தெரியாது. துல்லியம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது அந்த 17 தான்: 741 என்ற ஆப்-ஆம்ப் சிப்பின் கெயின் 2,00,000 என்று எடுத்தால் லூப் கெயின் (ஃபீட்பேக் பாதையையும் சேர்த்து ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் கெயின்) 2,00,000 / 17, சுமார் 11,765. பிழை அதன் தலைகீழ், 0.0085 சதவீதம். அவுட்புட் -6 வோல்ட்டில் இருக்கும்போது மைனஸ் முனையில் உண்மையில் இருப்பது 30 மைக்ரோவோல்ட். நாம் அதைத்தான் பூஜ்யம் என்று எழுதுகிறோம், எழுதலாம்.

அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் 1927-ல் நெகட்டிவ் ஃபீட்பேக்கைக் கண்டுபிடித்தபோது செய்த பேரமும் இதுதான். கையில் இருக்கிற கெயினில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மீதிக் கெயினை வால்வின் (அந்தக் கால வாக்குவம் டியூப்) குணத்திலிருந்து பிரித்து ரெசிஸ்டர்களின் கையில் ஒப்படைப்பது. உங்கள் விடையில் 12 வந்தது நான்கு ரெசிஸ்டரிலிருந்து, ஆப்-ஆம்ப்பிலிருந்து ஒன்றுமே வரவில்லை. எவ்வளவு அழகான விஷயம் அது.

---

இரவுப்பறவை:

கெபாசிட்டர் சேர்த்து ஓட்டினேன், அலைவரிசை சொன்ன மாதிரியே விலகி ஓடுகிறது. -5.9995, -6.0005 இரண்டும் வந்தது, பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

இன்னும் ஒரு கேள்வி. கெயின் -12 வேண்டும் என்றால் ஃபீட்பேக்கில் ஒரே ஒரு 120 கிலோஓம் போட்டால் போதுமே. மூன்று ரெசிஸ்டரை டி வடிவில் வைப்பதால் என்ன லாபம்? கணக்கைக் கஷ்டமாக்குவதற்காகக் கொடுத்ததா?

---

அலைவரிசை:

இந்த மதிப்புகளுக்கு லாபம் எதுவும் இல்லை, பயிற்சிக்காகக் கொடுத்திருக்கிறார்கள். 120 கிலோஓம் எங்கேயும் கிடைக்கும், நான் போட்டால் அதைத்தான் போடுவேன்.

எல்லா ரெசிஸ்டரையும் 100 மடங்காக்கிப் பாருங்கள், அப்போது புரியும். இன்புட் ரெசிஸ்டன்ஸ் 1 மெகாஓம் வேண்டும், கெயின் -12 வேண்டும். ஒற்றை ரெசிஸ்டர் என்றால் 12 மெகாஓம். அந்த அளவில் துல்லியமான ரெசிஸ்டர் கிடைப்பது கஷ்டம், போர்டின் மேல் படியும் ஈரமும் அழுக்கும்கூட அதற்கு இணையாக ஒரு பாதை போட்டுவிடும். டி வடிவில் 2 மெகா, 0.5 மெகா, 2 மெகா போட்டால் அதே 12 மெகாஓமின் வேலையைச் செய்யும்: 2 + 2 + (2 × 2 / 0.5) = 12.

ஆனால் சும்மா கிடைப்பதில்லை. ஒற்றை ரெசிஸ்டர் போட்டிருந்தால் அந்த 17-க்குப் பதில் 1 + 12 = 13 வந்திருக்கும். டி வடிவில் 17. ஆப்-ஆம்ப்பின் ஆஃப்செட் வோல்டேஜ் (நிஜ சிப்பில் இரண்டு இன்புட் முனைகளுக்கும் நடுவே இருக்கும் சின்ன வித்தியாசம்) அந்த எண்ணால்தான் பெருகும், -12-ஆல் அல்ல. 1 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தால் அவுட்புட்டில் 13 மில்லிவோல்ட்டுக்குப் பதில் 17. நாய்ஸும் அதே கதை. ஆர்3-ஐ இன்னும் சின்னதாக்கி இன்னும் பெரிய ரெசிஸ்டர் மாதிரி காட்டலாம் என்று போனால் அந்த எண் வேகமாக ஏறும்.

இன்னொன்று, டி வடிவம் போட்டால் பயாஸ் கரண்ட் (நிஜ சிப்பின் இன்புட் முனைகளில் ஓடும் சின்னக் கரண்ட்) தொல்லை குறையும் என்று சிலர் எழுதுகிறார்கள். குறையாது. மைனஸ் முனைக்குள் போகிற பயாஸ் கரண்ட்டும் ஆர்2 வழியாகத்தான் வர வேண்டும், அதற்கும் அது 12 மெகாஓமாகத்தான் தெரியும். 741-ன் வழக்கமான பயாஸ் கரண்ட் 80 நானோஆம்பியர். 80 நானோ × 12 மெகா = 0.96 வோல்ட். இன்புட்டே இல்லாமல் அவுட்புட்டில் ஏறக்குறைய ஒரு வோல்ட்! இந்த இடத்தில் ஜேஃபெட் இன்புட் உள்ள டிஎல்071 மாதிரி ஒன்றைத்தான் போட வேண்டும். அதன் பயாஸ் கரண்ட் அறை வெப்பத்தில் வழக்கமாக 65 பிக்கோஆம்பியர், அவுட்புட்டில் 0.78 மில்லிவோல்ட் பிழை. இன்புட் கரண்ட் பூஜ்யம் என்ற விதி உங்கள் 10 கிலோஓம் சர்க்யூட்டுக்கு 741-லும் பொருந்தும், மெகாஓமுக்குப் போனவுடன் பொருந்தாது. விதி ஒன்றுதான், பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரைப் பார்த்து அதன் யோக்கியதையை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதிர்வெண் பற்றியும் ஒரு வார்த்தை. 741-ன் 2,00,000 என்பது டிசிக்கு மட்டும்தான். சில ஹெர்ட்ஸிலேயே இறங்க ஆரம்பித்து 1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 1 ஆகிவிடும். 10 கிலோஹெர்ட்ஸில் மிச்சமிருப்பது 100. லூப் கெயின் 100/17, ஆறுகூட இல்லை. அவுட்புட்டில் 6 வோல்ட் பீக் வந்தால் மைனஸ் முனையில் 60 மில்லிவோல்ட் பீக் ஆடும். ஆசிலோஸ்கோப்பில் அதைப் பார்த்துவிட்டு "விர்ச்சுவல் கிரவுண்ட் ஆடுகிறதே, சிப் போய்விட்டதா" என்று கேட்கிறவர்கள் உண்டு. சிப் நன்றாகத்தான் இருக்கிறது.

---

இரவுப்பறவை:

எல்லோருக்கும் நன்றி. சரியாகப் புரிந்ததா என்று பார்க்க நானே ஒன்று மாற்றிப் போட்டேன். முதல் சர்க்யூட் அப்படியே, ப்ளஸ் முனையை மட்டும் கிரவுண்டிலிருந்து எடுத்து 0.5 வோல்ட்டில் வைத்தேன். இன்புட்டும் 0.5 தான்.

ஃபீட்பேக் சோதனை: ப்ளஸ் அசையாது, மைனஸ் 1/17, சரி. மைனஸ் முனை 0.5 வோல்ட். ஆர்1-ன் இரண்டு பக்கமும் 0.5, கரண்ட் பூஜ்யம். ஆர்2-லும் பூஜ்யம், அதனால் எக்ஸும் 0.5. ஆர்3-ல் 0.1 மில்லிஆம்பியர் கீழே போகிறது, அது ஆர்4 வழியாக அவுட்புட்டிலிருந்து வர வேண்டும், 2 வோல்ட் விழுகிறது. அவுட்புட் 2.5 வோல்ட். சூப்பர்பொசிஷனிலும் போட்டேன், -12 × 0.5 + 17 × 0.5 = 2.5. இரண்டும் ஒன்றாக வருகிறது. சப்ளைக்குள்ளேயும் இருக்கிறது. லோடில் 1.25, ஆர்4-ல் 0.1, ஆப்-ஆம்ப் இந்த முறை 1.35 மில்லிஆம்பியர் வெளியே தருகிறது, ப்ளஸ் 12 சப்ளையிலிருந்து. சரிதானே?

---

பழையசாலிடர்:

முழுக்கச் சரி. அவுட்புட் கரண்ட்டைக் கடைசியில் எடுத்ததும் சரி.

இதில் ஒன்று கூடப் பாருங்கள். ஆர்1-ல் கரண்ட் பூஜ்யம் என்றால் அதன் மதிப்பு என்னவாக இருந்தாலும் அவுட்புட் மாறக்கூடாது. 1 கிலோஓம் போட்டாலும் 2.5, அதை முழுசாகக் கழற்றி எறிந்தாலும் 2.5. கழற்றிய பிறகு மிஞ்சுவது ஆர்3-ம் ஆர்4-ம் மட்டும் வேலை செய்கிற சாதாரண நான்-இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையர், கெயின் 1 + 20/5 = 5, 5 × 0.5 = 2.5. ஆர்2-வும் அங்கே கரண்ட் இல்லாமல் சும்மா தொங்கும். ஆனால் ஆர்1-ஐ மாற்றினால் மைனஸ் முனைக்குத் திரும்பி வருகிற பங்கு 1/17 ஆக இருக்காது, 1 கிலோஓமில் அது ரொம்பக் குறைந்துவிடும், ஆஃப்செட் பெருக்கம் 17-லிருந்து எவ்வளவுக்கு ஏறுகிறது என்று போட்டுப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

---

இரவுப்பறவை:

மைனஸ் முனையில் 1 வோல்ட், இன்புட் கிரவுண்டில் என்று வைத்துப் போட்டேன். ஆர்1-ல் 1 மில்லிஆம்பியர், எக்ஸ் 21 வோல்ட், ஆர்3-ல் 4.2, ஆர்4-ல் மொத்தம் 5.2, அதில் 104 வோல்ட். 21 + 104 = 125. 17-லிருந்து 125!

---

பழையசாலிடர்:

அதேதான், 125. கழற்றிவிட்டால் 5.